ஆண்டு இறுதிச் சாதனைச் செய்திகளும் பிள்ளையின் பல்கலைக்கழகத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர், டிசம்பர் வந்துவிட்டால் மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களின் செய்திகள் குவிந்துவிடும். தரவரிசையில் ஏற்றம், புதிய பட்டப்படிப்பு, தங்கப் பதக்கம், காப்புரிமை, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வேலை என்று வரிசையாக வரும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடிக்கப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒவ்வொரு செய்தியும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பட்டர்வொர்த் பக்கத்துப் பெற்றோரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசும்.

1. வருஷக் கடைசியில மட்டும் ஏன் இவ்வளவு சாதனை வருது? மத்த மாசத்துல ஒண்ணும் நடக்கலையா?

ஆண்டு முழுக்க நடக்கிறது, கடைசியில் மூட்டையாகக் கட்டி வருகிறது. கியூஎஸ் என்ற நிறுவனத்தின் உலகத் தரவரிசை ஜூனில் வருகிறது. 'டைம்ஸ்' உயர்கல்விப் பட்டியல் செப்டம்பர், அக்டோபர் வாக்கில். கியூஎஸ் ஆசியப் பட்டியல் நவம்பரில். புதிய மாணவர் சேர்க்கையும் பட்டமளிப்பு விழாக்களும் அதே கடைசி மாதங்களில்தான். டிசம்பரில் ஆண்டுக் கணக்கு முடியும்போது இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அறிக்கையாக வெளியிடுவார்கள்.

அதனால் செய்தியைக் கண்டதும் ஆண்டைப் பாருங்கள். 'கியூஎஸ் 2026' என்பது 2025 ஜூனில் வெளியானது. அதில் மேற்கோள்களுக்கு, அதாவது மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்பதற்கு, எண்ணப்படுபவை அதற்கு முந்தைய ஐந்தாண்டு ஆய்வுக் கட்டுரைகள். இன்று படிக்கும் செய்தியின் வேர் சில ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது.

2. அரசாங்கப் பல்கலைக்கழகம் மொத்தம் எத்தனை? 'ஆய்வுப் பல்கலைக்கழகம்'னு சிலதை மட்டும் ஏன் சொல்றாங்க?

மொத்தம் 20. அவற்றில் ஐந்துக்கு ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி உண்டு: மலாயா பல்கலைக்கழகம், பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.எம்.), தேசியப் பல்கலைக்கழகம் (யூ.கே.எம்.), புத்ரா பல்கலைக்கழகம் (யூ.பி.எம்.), தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யூ.டி.எம்.). முதல் நான்கும் 2006-இல் அந்தத் தகுதியைப் பெற்றன, யூ.டி.எம். 2010-இல். யூ.எஸ்.எம்.முக்கு 2008-இல் 'ஏபெக்ஸ்' என்ற தனித் தகுதியும் கிடைத்தது.

ஆய்வுப் பல்கலைக்கழகம் என்றால் நிதியும் முதுகலை, முனைவர் மாணவர் எண்ணிக்கையும் ஆராய்ச்சிப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். இளங்கலைப் பாடம் அங்கே மட்டும்தான் நன்றாக நடக்கும் என்று பொருள் இல்லை. பெர்லிசின் யுனிமேப், மலாக்காவின் யூடெம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் செய்முறையை மையமாக வைத்தே தொடங்கப்பட்டவை.

3. பினாங்குல இருக்குன்னு நம்பி யூ.எஸ்.எம். போட்டோம். இப்ப கிளந்தான் போகச் சொல்றாங்களே?

இது மிக அடிக்கடி நடக்கிற குழப்பம். யூ.எஸ்.எம். 1969-இல் தொடங்கியது, 1971-இல் மிண்டனுக்கு வந்தது. இன்று அதற்குப் பல வளாகங்கள். கெலுகோர் பக்கம் இருக்கும் அந்த மிண்டன்தான் முதன்மை வளாகம். அறிவியல், மருந்தியல், கலை, மேலாண்மை எல்லாம் அங்கே. பொறியியல் வளாகம் பெருநிலத்தில், நிபோங் திபாலில். மருத்துவம், பல் மருத்துவம் கிளந்தானின் குபாங் கெரியானில்.

'புதிய ஆய்வகம் திறப்பு', 'புதிய விடுதி' என்று செய்தி வந்தால் எந்த வளாகத்தில் என்று பாருங்கள். கெலுகோரில் திறந்த விடுதி, நிபோங் திபாலில் படிக்கப்போகும் பிள்ளைக்கு உதவாது. கோலாலம்பூரிலும் இதே கதைதான். யூ.கே.எம். பாங்கியில் இருந்தாலும் அதன் சுகாதார அறிவியல் வகுப்புகள் தலைநகரில் நடக்கின்றன. செராஸில் அதன் மருத்துவமனை இருக்கிறது. யூ.டி.எம். ஸ்கூடாயில் இருந்தாலும் கோலாலம்பூரிலும் ஒரு வளாகம் வைத்திருக்கிறது.

4. மலாயா பல்கலைக்கழகம் உலகத்துல 58-ன்னு போட்டிருக்கு. அப்ப அங்க எந்தப் பாடம் எடுத்தாலும் உலகத்துல 58-ஆ?

இல்லை. 58 என்பது கியூஎஸ் 2026 பட்டியலில் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்த இடம். பாடவாரிப் பட்டியல் தனியாக, ஆண்டின் முற்பாதியில் வருகிறது. அதில் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு துறை மேலேயும் இன்னொரு துறை பட்டியலுக்கு வெளியேயும் இருக்கலாம்.

முழுப் பட்டியலின் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் பெறும் நற்பெயருக்கு 30 விழுக்காடு. முதலாளிகளிடம் கேட்டுப் பெறுவதற்கு 15. ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மேற்கோள் என்பதற்கு 20. மாணவர்–ஆசிரியர் விகிதத்துக்கு 10. வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டு மாணவர், அனைத்துலக ஆய்வு உறவு, வேலைவாய்ப்பு விளைவு, நிலைத்தன்மை ஆகிய ஐந்துக்கும் தலா 5.

கூட்டிப் பாருங்கள். 45 விழுக்காடு பிறர் சொல்லும் கருத்து. உங்கள் மகள் உட்காரப்போகிற வகுப்பறையை ஓரளவு நேரடியாகத் தொடுவது மாணவர்–ஆசிரியர் விகிதம் ஒன்றுதான், அதற்குப் பத்து. அதுவும் பல்கலைக்கழகம் முழுமைக்குமான சராசரி. முதலாண்டு விரிவுரையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை அது சொல்லாது. அதற்காக இந்தத் தரவரிசையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் தெரிந்த பல்கலைக்கழகம் என்பது உதவத்தான் செய்கிறது.

5. போன தடவை ஒன்பது இடம் இறங்குச்சு, இந்தத் தடவை பன்னிரண்டு இடம் ஏறியிருக்கு. ஒரு வருஷத்துல தரம் இப்படி மாறுமா?

மாறாது. நீங்கள் சொல்வது யூ.எஸ்.எம். கியூஎஸ் 2024-இல் 137, 2025-இல் 146, 2026-இல் 134. இந்த மூன்றாண்டில் கட்டடமும் ஆசிரியர்களும் பாடத்திட்டமும் பெரும்பாலும் அதேதான். நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண்கள் மிக நெருக்கமாக நிற்கின்றன. அரைப் புள்ளி மாறினாலே சில இடங்கள் நகரும். பட்டியலில் சேரும் பல்கலைக்கழகங்களும் கூடிக்கொண்டே போகின்றன. 2026 பதிப்பில் 1,500-க்கும் மேல்.

கணக்கிடும் முறையும் மாறும். 2024 பதிப்பில் கல்வியாளர் நற்பெயரை 40-இலிருந்து 30-ஆகவும் மாணவர்–ஆசிரியர் விகிதத்தை 20-இலிருந்து 10-ஆகவும் குறைத்துப் புதிய அளவுகோல்களைச் சேர்த்தார்கள். எனவே 2023-ஐயும் 2024-ஐயும் நேராக ஒப்பிடக் கூடாது. மூன்று பதிப்புகளாவது ஒரே திசையில் போனால் கவனியுங்கள். மலாயா பல்கலைக்கழகத்தின் 65, 60, 58 அப்படிப்பட்ட ஒரு வரிசை.

6. யூ.எஸ்.எம். உலகத்துலயே நாலாவதுன்னு ஒரு தாள்ல படிச்சேன். நீங்க 134-ன்னு சொல்றீங்க. எது பொய்?

இரண்டும் உண்மை, அளக்கப்படுவது வேறு. நான்காம் இடம் 'டைம்ஸ்' தாக்கத் தரவரிசையில் 2022-இலும் 2023-இலும் கிடைத்தது. ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்கிறது என்பதை அந்தப் பட்டியல் அளக்கிறது. 17-ஆவது இலக்கு கட்டாயம், அதற்கு 22 விழுக்காடு. மற்றவற்றில் எந்த மூன்றில் மதிப்பெண் அதிகமோ அவற்றுக்குத் தலா 26.

விருப்பப்பட்டுத் தரவு கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் மட்டுமே இதில் இடம்பெறும். உலகின் பெரிய பெயர்கள் பல இதில் இருப்பதில்லை. சாதனை உண்மையானது, பாராட்ட வேண்டியது. மகனுக்கு இயந்திரப் பொறியியல் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இதை அளவுகோலாக எடுக்காதீர்கள்.

7. 'புதிய பட்டப்படிப்பு அறிமுகம்'னு செய்தி. அதுக்கு அங்கீகாரம் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். மலேசியத் தகுதி முகமை (எம்.கியூ.ஏ.) 2007-இல் தொடங்கியது. அதன் பதிவேட்டுக்கு எம்.கியூ.ஆர். என்று பெயர், இணையத்தில் யாரும் தேடலாம், கட்டணம் இல்லை. புதிய படிப்புக்கு முதலில் கிடைப்பது தற்காலிக அங்கீகாரம். அதை வைத்து வகுப்பைத் தொடங்கலாம். முதல் தொகுதி மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். சில பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் படிப்பைத் தாங்களே மதிப்பிடும் அனுமதி உண்டு. அப்படி இருந்தாலும் பெயர் எம்.கியூ.ஆர்.-இல் ஏற வேண்டும்.

தேடும்போது படிப்பின் பெயரை மலாயில், எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். அடைப்புக்குறிக்குள் வரும் சிறப்புப் பாடம் வேறாக இருந்தால் அது வேறு படிப்பு. பிறகு பல்கலைக்கழகத்தின் பெயர், வளாகம், முழுநேரமா பகுதிநேரமா, மொத்தக் கிரெடிட் ஆகியவற்றைப் பாருங்கள். இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 90. பதிவேட்டில் இல்லையென்றால் உடனே பதறாதீர்கள். தற்காலிக அங்கீகாரம் பெற்றவை தனிப் பட்டியலில் இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

8. எம்.கியூ.ஆர்.-ல பேர் இருக்கு. அப்ப இன்ஜினியரா வேலை செய்யலாம்தானே?

அது போதாது. எம்.கியூ.ஏ. பட்டத்தின் தரத்தைப் பார்க்கிறது. தொழில் செய்யும் உரிமையைத் தருவது தொழில் வாரியம். பொறியியலுக்கு மலேசியப் பொறியியலாளர் வாரியமும் அதன் அங்கீகார மன்றமும், மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், மருந்தியலுக்கு மருந்தியல் வாரியம். மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் ஆனது. அதனால், உறுப்பினரான பிறகு இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் இணையான கல்வித் தகுதியாக ஏற்கின்றன. அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

இரண்டு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெயரில் 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று இருந்தால் அது வேறு தடம். பதிவும் வேறு வகை. இரண்டாவது, வாரியத்தின் அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே தரப்படுகிறது. உங்கள் பிள்ளை பட்டம் பெறும் ஆண்டு அந்தக் காலத்துக்குள் வருகிறதா, இல்லையென்றால் புதுப்பிப்பு எப்போது என்று கேளுங்கள்.

9. முதல் பேட்ச்ல சேர்ந்தா பிள்ளைங்க சோதனை எலி ஆயிடுவாங்களா?

கணினி, வணிகம், கலை போன்றவற்றில் பெரிய ஆபத்து இல்லை. முதல் தொகுதி சிறியதாக இருப்பதால் ஆசிரியரின் கவனம் கூடுதலாகவே கிடைக்கும். தொழில் வாரியம் சம்பந்தப்பட்ட படிப்புகளில்தான் யோசிக்க வேண்டும். 7, 8-இல் சொன்னபடி முழு மதிப்பீடு கடைசி ஆண்டில்தான் நடக்கும். நிறைவேறத் தாமதமானால் பட்டதாரியின் பதிவும் தாமதமாகும்.

முடிவெடுக்கும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், ஆய்வகம் கட்டி முடிந்துவிட்டதா அல்லது 'அடுத்த ஆண்டு வரும்' என்கிறார்களா, தொழிற்பயிற்சிக்கு எந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம், இதே துறையில் பழைய படிப்பு ஏற்கெனவே அங்கீகாரத்தோடு ஓடுகிறதா. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் பாதிக் கவலை போய்விடும்.

10. 93 விழுக்காடு பட்டதாரிகளுக்கு வேலை கிடைச்சிருக்குன்னு போட்டிருக்காங்க. நம்பலாமா?

எண் சரியாகவே இருக்கும், சொல்தான் இடறுகிறது. 'வேலை கிடைத்தது' என்று தமிழ்ச் செய்தியில் வருவது மலாயில் 'கெபோலேபசாரான் கிராடுவான்', அதாவது வேலைச் சந்தையில் பட்டதாரிக்குள்ள தகுதி. பட்டமளிப்புக் காலத்தில் எஸ்.கே.பி.ஜி. என்ற ஆய்வை எல்லாப் பட்டதாரிகளும் நிரப்புகிறார்கள். அந்த விகிதத்தில் வேலை செய்பவர்கள் மட்டுமல்லாமல், மேற்படிப்பைத் தொடர்பவர்கள், திறன் பயிற்சியில் இருப்பவர்கள், பணியமர்த்தலுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்க்கப்படுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. 900 பேர் பதில் தந்தார்கள். 540 பேர் வேலையில், 150 பேர் மேற்படிப்பில், 60 பேர் திறன் பயிற்சியில், 90 பேர் பணி நியமனத்துக்குக் காத்திருப்பு. கூட்டினால் 840, அதாவது 93.3 விழுக்காடு. வேலையில் இருப்பவர்கள் மட்டும் 60 விழுக்காடு. இதில் பொய் எதுவும் இல்லை. மேற்படிப்புக்குப் போனவரைத் தோல்வியாக எண்ணவும் முடியாது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த 540-ஐயும் அவர்களில் எத்தனை பேர் படித்த துறையிலேயே இருக்கிறார்கள் என்பதையும். படிப்புவாரி எண்ணைத் துறையிடம் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

11. ஒரே கண்காட்சியில பதினைஞ்சு தங்கப் பதக்கம் வாங்கியிருக்காங்களாம். எப்படி?

புத்தாக்கக் கண்காட்சிகள் ஓட்டப் பந்தயம் மாதிரி இல்லை. கோலாலம்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் ஐடெக்ஸ் போன்றவற்றில் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய எல்லாருக்கும் தங்கம். ஒரு பிரிவில் பல தங்கம் இருக்கும். 'பிரிவின் சிறந்த கண்டுபிடிப்பு' போன்ற தனி விருதுதான் அரிது.

12. காப்புரிமை 'தாக்கல்', காப்புரிமை 'பெற்றது', ரெண்டும் ஒண்ணுதானே?

பெரிய வித்தியாசம் உண்டு. தாக்கல் செய்வது விண்ணப்பம் மட்டுமே. அதன் பிறகு படிவச் சோதனை. தாக்கல் செய்த 18 மாதங்களுக்குள் விரிவான ஆய்வுக்குக் கோரிக்கை. ஆய்வாளர் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில். எல்லாம் தாண்டினால்தான் காப்புரிமை. கிடைத்தால் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டுகள். பல விண்ணப்பங்கள் நடுவிலேயே கைவிடப்படுகின்றன, பெரும்பாலும் செலவு காரணமாக. அடுத்த படியாக, எத்தனை காப்புரிமையை நிறுவனங்கள் உரிமம் எடுத்துப் பயன்படுத்துகின்றன என்பது வரும். அந்த எண்ணை வெளியிடும் பல்கலைக்கழகம் தன் வேலையில் உறுதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

13. 'உலகின் முதல் 2 விழுக்காடு அறிவியலாளர்' பட்டியல்ல எங்க விரிவுரையாளர் பேர் இருக்கு. ஸ்டான்போர்ட் கொடுத்த விருதா?

விருது இல்லை. ஸ்டான்போர்டைச் சேர்ந்த ஆய்வாளர் குழு, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்துத் தயாரிக்கும் பட்டியல். வாழ்நாள் பணிக்கு ஒன்று, ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒன்று. செய்தி எதைச் சொல்கிறது என்று பாருங்கள். வாழ்நாள் பட்டியலில் இருப்பது கடினம். முனைவர் பட்ட வழிகாட்டி தேடுபவருக்கு இது பயனுள்ள தகவல். இளங்கலை மாணவருக்கு, அந்த ஆசிரியர் அந்த ஆண்டு பாடம் எடுக்கிறாரா என்பதே முக்கியம்.

14. என் அண்ணன் சான்றிதழ்ல 'கோலேஜ் யுனிவர்சிட்டி'ன்னு இருக்கு. அது இப்ப யுனிவர்சிட்டி ஆயிடுச்சு. பழைய சான்றிதழ் செல்லுமா?

செல்லும். 2007-இல் பல பல்கலைக்கழகக் கல்லூரிகள் முழுப் பல்கலைக்கழகமாயின, கே.யூ.கே.யூ.எம். யுனிமேப் ஆனதும் கே.யூ.டி.கே.எம். யூடெம் ஆனதும் அப்போதுதான். பெயர் மாறியதால் முன்னர் தந்த பட்டம் செல்லாமல் போகாது. வெளிநாட்டு நிறுவனம் சந்தேகப்பட்டால் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் பெயர் மாற்ற உறுதிக் கடிதம் கேட்டு வாங்கலாம்.

15. இவ்வளவு சாதனை வந்தா அடுத்த வருஷம் மெரிட் ஏறிடுமா? இ-பாண்டுவான்ல 88 போட்டிருக்கு, என் பொண்ணுக்கு 86 தான் வரும்.

சேர்க்கைக்குப் பார்க்கும் மொத்த மதிப்பெண்தான் மெரிட். கணக்கு எளிது. சி.ஜி.பி.ஏ.-வை (சராசரித் தரப்புள்ளியை) 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள். புறப்பாட மதிப்பெண்ணைப் பத்துக்குக் கணக்கிட்டுச் சேருங்கள். சி.ஜி.பி.ஏ. 3.67 என்றால் 82.58, புறப்பாடம் 8.5 என்றால் மொத்தம் 91.08. அந்தப் புறப்பாட மதிப்பெண்ணில் ஒரு புள்ளி, சி.ஜி.பி.ஏ.-வில் 0.04-க்கும் கூடுதலான மதிப்பு. சீருடைக் குழுவிலும் மன்றத்திலும் வாங்கிய சான்றிதழைத் தேடி எடுத்து வைக்க இதுவே காரணம்.

பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யூ.பி.யூ.வின் இணைய வழிகாட்டியான இ-பாண்டுவானில் தெரியும் 88 என்பது முந்தைய சேர்க்கையின் சராசரி மெரிட், கடைசியாக இடம் கிடைத்தவரின் மெரிட் அல்ல. சராசரிக்குக் கீழேயும் பலர் சேர்ந்திருப்பார்கள். 86 உள்ளவர் போடலாம், போட வேண்டும். ஆனால் பன்னிரண்டு தேர்வையும் 88-க்கு மேற்பட்டதாகவே நிரப்பக் கூடாது. ஏழெட்டு தேர்வு தன் மெரிட்டை ஒட்டி, இரண்டு மூன்று நிச்சயமாகக் கிடைக்கக்கூடியது. நேர்முகத் தேர்வு உள்ள படிப்பா என்றும் பாருங்கள். அழைப்பைத் தவறவிட்டால் மெரிட் எவ்வளவு இருந்தும் பயன் இல்லை.

16. தமிழ்த்துறை சாதனை மட்டும் ஏன் இந்தச் செய்தியில வர்றதே இல்ல? அங்க ஒண்ணும் நடக்கலையா?

நடக்கிறது. மலாயா பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. சேவியர் தனிநாயகம் அடிகளார் 1961 முதல் அதன் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில்தான் கூடியது. 1987-இல் ஆறாவதும் 2015-இல் ஒன்பதாவதும் இதே நகரில். இன்று தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தமிழாசிரியர்களைப் பட்டதாரிகளாக்கி அனுப்புகிறது.

செய்தியில் வராததற்குக் காரணம் அளவுகோல்தான். 4-இல் சொன்ன மேற்கோள் கணக்கு ஸ்கோபஸில் உள்ள கட்டுரைகளை எண்ணுகிறது. தமிழில் எழுதிய ஆய்வு நூலும் மாணவர் ஆய்வேடும் அங்கே பெரும்பாலும் ஏறா. தோட்டப்புற வழக்காறு பற்றிய ஓர் ஆய்வேடு, அந்தத் தோட்டமே மறைந்த பின் ஒரே சான்றாக நிற்கும். தரவரிசையில் அதற்குச் சுழியம். ஆகவே தமிழ் படிக்க விரும்பும் பிள்ளையைப் பட்டியலைக் காட்டித் தடுக்காதீர்கள். துறை நூலகத்துக்கு அழைத்துப் போய் ஆய்வேட்டு அலமாரியைக் காட்டுங்கள். எஸ்.பி.எம்.-இல் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும், எஸ்.டி.பி.எம்.-இல் தமிழும் எடுத்திருந்தால் அங்கே தொடக்கம் சுலபமாக இருக்கும்.

17. இதெல்லாம் யார்கிட்ட கேக்குறது? போன் போட்டா ஆள மாத்தி மாத்தி விடுறாங்க.

தொலைபேசியை விட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல்கலைக்கழகத்தின் பொது முகவரிக்கு அல்லாமல் புலத்தின் இளங்கலைப் பிரிவுக்கு அனுப்புங்கள். தலைப்பில் யூ.பி.யூ. படிப்புக் குறியீட்டைப் போடுங்கள். மலாயில் சுருக்கமாக மூன்றே கேள்வி: வகுப்பு எந்த வளாகத்தில், அங்கீகாரம் எந்த ஆண்டு வரை, கடைசித் தொகுதியில் எத்தனை பேர் துறை சார்ந்த வேலையில். பட்டமளிப்பு வாரத்தில் அனுப்பாதீர்கள், பதில் வராது. எம்.கியூ.ஆர். பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, வந்த பதிலோடு ஒரே கோப்பில் வையுங்கள்.